கூரையின் கீழ் ஒரு தடகளம்

உள்ளரங்கத் தடகளம் என்பது, கூரையிட்ட அரங்கில் 200 மீட்டர் சுற்றளவுள்ள ஓடுதளத்தில், அதாவது வெளியரங்கத் தளத்தின் பாதியளவில் நடைபெறும் போட்டியாகும். அங்கே நேர்தளம் குறுகியதென்பதால் 100 மீட்டருக்குப் பதில் 60 மீட்டர் ஓட்டமே நடைபெறுகிறது. வளைவுகள் சரிவாக உயர்த்தப்பட்டிருப்பதால், விரைந்து திரும்பும் வீரரின் கால் வெளிப்புறமாக இழுபடுவது குறைகிறது. காற்றின் உதவி இல்லாத இடமாகையால், நீளம் தாண்டுதல் போன்ற போட்டிகளில் தாண்டிய தூரம் முழுவதும் தாண்டியவரின் ஆற்றலே ஆகும்.

2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் நடைபெற்ற ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில், தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 7.97 மீட்டரும், பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.98 மீட்டரும் தாண்டி வெள்ளி வென்றனர். கோலூன்றித் தாண்டுதலில் பவித்ரா வெங்கடேஷ் 4 மீட்டர் உயரம் கடந்து வெள்ளி பெற்றார். மூவருமே தமிழ்நாட்டினர் என்பது பெருமைக்குரியது.

இவர்களைப் போன்றோர் நம் ஊரிலும் உருவாக, நாட்றம்பள்ளிப் பகுதிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள், ஓட்டத்தோடு நின்றுவிடாமல், மணற்குழியும் ஓடிவரும் பாதையும் போதுமான நீளம் தாண்டுதலிலும் மாணவர்களைப் பழக்க வேண்டும்.