எண்ணிக்கையும் எடையும்: ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் கட்டுரைகள்

ஆய்வாளர் ஒருவரின் தகுதியை அளப்பதற்கு அவர்தம் கட்டுரைகளை எண்ணிக் காட்டும் வழக்கம் இக்காலத்தில் பெருகியுள்ளது. 2005-ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் இதற்கென ஒரு சுட்டெண்ணையே வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறையேனும் பிறரால் மேற்கோள் காட்டப்பெற்றிருப்பின், அவருடைய சுட்டெண் 20 ஆகும். கணக்கிட எளிய முறைதான். ஆயினும், அக்கட்டுரைகளால் நோயாளிக்கு விளைந்த பயன் யாது என்பதை இவ்வெண் உரைக்காது. அதனை அறியக் கட்டுரைகளுக்குள்ளேயே புக வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும், பின்னர்ப் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையிலும் பணியாற்றிய மருத்துவ அறிஞர் ஆர். சங்கரநாராயணன் அவர்களின் ஆய்வுகளுள் சிலவற்றை அவ்வாறு காண்போம்.

அவற்றுள் நமக்கு மிக அண்மையது திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அதன் அறிகுறி திசுக்களில் தோன்றிவிடும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்புக்குக் காரணமான பொருளை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுபட்ட திசு வெண்ணிறமாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்துவிடலாம். ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் வேண்டியதில்லை. இத்தகைய எளிய முறை உயிரைக் காக்குமா என்பதே வினா.

விடை காண 114 ஊர்த்தொகுதிகள் தெரிவு செய்யப்பெற்றன. அவற்றுள் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்டிர் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். எஞ்சிய 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. அழைக்கப்பட்ட 49,311 பேருள் 31,343 பேர் வந்தனர். கூலி வேலையை விட்டு, கூச்சத்தையும் வென்று, நோயின் துன்பம் ஏதுமில்லாத நிலையில் அத்துணைப் பேர் வந்ததையே நாம் பெரிதாக மதிக்கிறோம். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட தொகுதிகளில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

வேறொருவராயின் இவ்வெற்றியோடு அமைந்திருக்கக் கூடும். மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு அவர் தலைமையில் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. அங்கே அதே அமிலச் சோதனை இறப்பை உறுதியாகக் குறைத்தது எனக் கூற இயலவில்லை. இந்நோய்க்குக் காரணமான வைரசைக் கண்டறியும் சோதனையை ஒரேயொரு முறை செய்த பிரிவிலோ, எட்டாண்டுகளில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தம் முந்தைய முடிவுக்கு முற்றிலும் இசையாத ஒன்றை மறைக்காமல் வெளியிட்ட இச்செயலை எந்தச் சுட்டெண்ணும் தனியே காட்டாது. நம் மதிப்பீட்டில் அவருடைய கட்டுரைகளுக்கு எடை கூட்டுவது இதுவேயாகும்.

இவ்வாய்வுகள் கண்டனத்திற்கும் உள்ளாயின. ஒப்பீட்டுப் பிரிவிலிருந்த பெண்களுக்குச் சோதனை அளிக்காமல் இறப்பை மட்டும் எண்ணியது அறமா என்று வினவப்பட்டது. அவ்வூர்களில் அதற்கு முன்னர் எவருக்குமே அத்தகைய சோதனைத் திட்டம் இருந்ததில்லை என்பது மறுமொழி. அம்மறுமொழி உண்மையே, ஆனால் முழு அமைதி தருவதன்று. ஒப்பீட்டுப் பிரிவுகளில் மாண்ட பெண்டிரும் அக்கட்டுரைகளின் அட்டவணைகளில் எண்களாக உள்ளனர்.

தமிழக அரசு அமிலச் சோதனையை 2007 முதல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாக நடத்தி, பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதித் தாய்மார்களுக்கும் இச்சோதனை எட்டியது இவ்வகையில்தான்.

இறுதியாக, தடுப்பூசி பற்றிய ஆய்வொன்று. வைரசுக்கு எதிரான ஊசியை இரு தவணை போடுவது போதுமா, மூன்று தவணை வேண்டுமா என்று அறிய அவர்தம் குழு முனைந்தது. 2010-இல் நடுவண் அரசு இத்தகைய ஆய்வுகளை நிறுத்தியமையால், அதுவரை சேர்க்கப்பெற்ற 17,729 சிறுமியருள் 4,950 பேர் ஒரு தவணையோடு நின்றுவிட்டனர். ஆய்வு கெட்டது என்றே எவரும் கருதுவர். ஆனால் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, ஒரு தவணையே நெடுங்காலக் காப்பு அளிப்பது புலனாயிற்று. பிற நாட்டு ஆய்வுகளோடு இச்சான்றையும் சீர்தூக்கிய உலக நலவாழ்வு நிறுவனம், 2022-இல் ஒரு தவணை முறையையும் ஏற்றது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 14 வயதுச் சிறுமியர்க்கு இவ்வூசியைப் படிப்படியாக வழங்கத் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. பள்ளியிலிருந்து இச்செய்தியை வீட்டுக்குக் கொண்டுவரும் மகளிடம் பெற்றோர் முதலில் கேட்கக்கூடியது, இவ்வூசியால் காப்பு உண்டா என்பதே. அதற்குரிய விடையின் ஒரு பகுதி, தவணை முடியாமல் நின்ற அந்த 4,950 சிறுமியரிடமிருந்து வந்தது.