சிறிய வீட்டுத் தோட்டத்துக்கான பசுமைமாறா மரங்களும் செடிகளும்

ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் தாவரங்கள் பசுமைமாறாத் தாவரங்கள் எனப்படுகின்றன. இவையும் இலை உதிர்ப்பவைதான். பழைய இலைகள் சிறிது சிறிதாக விழ, புதியவை தளிர்த்துக்கொண்டே இருப்பதால் மரம் மொட்டையாகத் தெரிவதில்லை. வில்வம், பவளமல்லி, மயிற்கொன்றை போன்ற இலையுதிர் வகைகள் வறண்ட பருவத்தில் இலைகளை மொத்தமாகக் கொட்டிவிடும். வேம்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. மாசி, பங்குனியில் இலை கொட்டி, உடனே தளிர்க்கும்.

சிறிய மனையில் இந்த வேறுபாடு முக்கியமானது. வீட்டுக்கு நிழல் அதிகம் தேவைப்படுவது கோடையில். அந்த நேரத்தில் மொட்டையாக நிற்கும் மரத்தால் பயன் குறைவு. தெருவிலிருந்து மறைப்பு, தூசித் தடுப்பு, பறவைகளுக்கு ஒதுங்கிடம் ஆகியவற்றுக்கும் ஆண்டு முழுவதும் இலை வேண்டும். ஆனால் பசுமைமாறா மரங்களில் ஆலும் நாவலும் மாவும் அடக்கம். அரை கிரவுண்டு மனையில் ஆசையாக நட்ட நாவல் பத்தாண்டில் மாடியைத் தாண்டி, மின்கம்பியைத் தொட்டு, நிழல் தரத் தொடங்கும் வேளையிலேயே வெட்டப்படுவது நகரங்களில் அடிக்கடி நடப்பது. நீர் ஊற்றி வளர்த்த உழைப்பும் போய், இன்னொரு மரம் வளர இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, நர்சரியில் அது இரண்டடி உயரத்தில் எப்படி இருக்கிறது என்பதை அன்று, பதினைந்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதை.

இடத்தின் அளவு

ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. இன்றைய நகர வீடுகள் பலவும் அரை கிரவுண்டிலோ மூன்று செண்டிலோ எழுபவை. கட்டடம் போக மிஞ்சுவது சுற்றுச்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே 3 முதல் 5 அடி அகலச் சந்தும், முன்புறம் சிறிது இடமும்தான். அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், ஆழ்துளைக் கிணறு எல்லாம் இருக்கும்.

மூன்றடிச் சந்தில் மரம் வைக்க இடமில்லை, செடி வைக்கலாம். சிறு மரத்துக்குச் சுவரிலிருந்து குறைந்தது 6 முதல் 8 அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து இன்னும் தள்ளி நடுவது நல்லது. கரிசல் மண் உள்ள ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஆண்டு முழுவதும் இலையோடிருக்கும் மரம் ஆண்டு முழுவதும் நீரையும் உறிஞ்சுவதால், அடித்தளத்துக்கு அருகே மண் சுருங்கி விரிசல் விட வழியுண்டு.

உயரத்தைக் கணக்கிடும்போது மேலே ஓடும் மின்கம்பியைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேற்கு வெயிலும் கணக்கில் வரவேண்டும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடமுண்டு என்றால் அது மேற்கிலோ தென்மேற்கிலோ நிற்பது நல்லது. பிற்பகல் வெயில் சுவரில் ஏறுவதை அது தடுக்கும்.

கடற்கரைக் காடு காட்டும் மாதிரி

சிறிய பசுமைமாறா மரங்களை வெளிநாட்டுப் பட்டியல்களில் தேடவேண்டிய தேவை தமிழகக் கடற்கரை மாவட்டத்தாருக்கு இல்லை. தென் ஆந்திரத்திலிருந்து இராமநாதபுரம் வரையிலான சோழமண்டலக் கரையில் 'உலர் பசுமைமாறாக் காடு' என்னும் அரிய காட்டு வகை இருந்தது; இன்னும் துண்டுதுண்டாக இருக்கிறது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிட, மீதி மாதங்கள் பெரும்பாலும் வறட்சியாக இருக்கும் நிலம் இது. வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் இலையுதிர் மரங்களே மிகும். இங்கோ மரங்கள் இலையை உதிர்க்காமல், அந்த இலையைச் சிறிதாகவும் தடிப்பாகவும் பளபளப்பாகவும் அமைத்துக்கொண்டு நீர் இழப்பைக் குறைக்கின்றன. வளர்ச்சி மெதுவாக இருக்கும். மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். உப்புக் காற்றும் புயலும் இவற்றுக்குப் பழகியவை.

குறைந்த உயரம், மெதுவான வளர்ச்சி, வறட்சி தாங்கல், பசுமை மாறாமை என்று சிறு தோட்டம் கேட்கும் பண்புகள் எல்லாம் இங்கே ஒருசேர இருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டிலும் கோடியக்கரையிலும் இந்தக் காட்டை இன்றும் காணலாம். மரம் வாங்குவதற்கு முன் ஒருமுறை இத்தகைய கோயில்காட்டைச் சுற்றி வருவது, பத்துப் பட்டியல்களைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

இக்காட்டு மரங்களில் வீட்டுக்கு மிகப் பொருந்துவது குருந்து. இது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். 'காட்டு எலுமிச்சை' என்றும் சொல்வர். கரும்பச்சை இலை, மணமுள்ள வெள்ளைப் பூ, கோலிக்குண்டு அளவில் காய், கொஞ்சம் முள். ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறையின் தலமரமும் இதுவே. மாணிக்கவாசகரை இறைவன் ஆட்கொண்டது குருந்தமரத்தடியில் என்பது மரபு. நீலமும் கருப்புமான பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று இதன் இலையில் முட்டையிடும். சில இலைகள் கடிபட்டாலும் மரத்துக்குக் கேடில்லை.

அடுத்தது காயா. இலக்கியத்தில் திருமாலின் நிறத்துக்கு உவமையாக வரும் காயாம்பூ இதன் பூதான். 'காசான்' என்றும் வழங்கும். பூக்கும் காலத்தில் கிளைக்கட்டைகளில் நீலநிறப் பூக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். மிக மெதுவாக வளர்வதால் செடி என்றே பல ஆண்டுகள் கருதலாம். பெயரைத் தெரிந்தவர் பலர். மரத்தைப் பார்த்தவர் சிலர். சாதாரண நர்சரிகளில் இவ்விரண்டும் எளிதில் கிடைப்பதில்லை. நாட்டு மரக்கன்று வளர்ப்போரிடமும் ஆரோவில் பகுதி நாற்றங்கால்களிலும் தேடவேண்டும். அந்த அலைச்சலுக்கு இவை தகுதியானவை.

மற்ற சிறு மரங்கள்

மகிழம் நல்ல மரம். ஆனால் முழு வளர்ச்சியில் பெரியது. 15 மீட்டரையும் எட்டக்கூடும். மெதுவாக வளர்வதாலும் கவாத்தைத் தாங்குவதாலும், நான்கு பக்கமும் பத்தடி விடக்கூடிய முன்வாசலில் நடலாம். சந்துக்கு அது ஆகாது.

காய்கனி விரும்புவோருக்குக் கொய்யாவே முதலில் வரவேண்டும். கொய்யா புதிய தளிரில் பூக்கும் மரம். அதனால் ஆண்டுதோறும் கிளைகளை வெட்டி ஏழெட்டடி உயரத்தில் நிறுத்தினாலும் காய்ப்பு குறையாது. வெட்டிய பின் வரும் தளிரிலேயே காய்க்கும். இலக்னோ 49 பல ஊர்களில் கிடைக்கும் வகை. மாவுப்பூச்சி இதன் குறை. சப்போட்டாவும் பசுமைமாறாதது, மெதுவாக வளர்வது. பாலை மரத்தின் கன்றில் ஒட்டுக்கட்டிய செடிகளே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை அவ்வப்போது நீக்காவிட்டால், சில ஆண்டுகளில் சப்போட்டா மறைந்து பாலை மரம் மட்டும் நிற்கும்.

எலுமிச்சை 10 முதல் 15 அடிக்குள் அடங்கும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் தேவை. முள் இருப்பதால் நடைபாதையோரம் வேண்டாம். சுற்றுச்சுவரோரம் அந்த முள்ளே காவல். கறிவேப்பிலைக்கு இடம் கொஞ்சம் போதும். ஆனால் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அவற்றை எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம்.

நெட்டிலிங்கத்தின் தொங்கும் கிளை வகையைச் சுற்றுச்சுவரோரம் வரிசையாக நடுவது பரவலாகிவிட்டது. அகலம் நாலைந்தடிக்குள் நிற்பதால் இடத்தை அடைக்காது என்பது உண்மை. ஆனால் உயரம் முப்பது, நாற்பது அடி போகும். நுனியை வெட்டினால் அதன் அழகே போய்விடும். மேலே கம்பி இல்லாத இடத்தில் மறைப்புக்கு நடலாம். நிழலுக்கு இது உதவாது.

செடிகள்

மூன்றடிச் சந்துக்கு உரியவை செடிகளே. நந்தியாவட்டை அரைநிழலிலும் பூக்கும், வெட்டினால் அடர்த்தியாகும். சில மாதங்களில் கட்டைவிரல் பருமனில் பச்சைப் புழுக்கள் இலையை மொட்டையடிப்பதுண்டு. அவை அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள். கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும். செடி மீண்டும் தழைக்கும்.

இட்லிப்பூ எனப்படும் வெட்சி எல்லா வீடுகளிலும் இருக்கிறது. பல வீடுகளில் வெளிறிப்போய் நிற்கிறது. நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. வெட்சி சற்றுப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். வீடு கட்டும்போது சுவரோரம் கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மை உடையதாக்கிவிடுகின்றன. உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் அதை மேலும் கூட்டுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. உரம் வைப்பதற்கு முன், குழியில் உள்ள கட்டடக் கழிவை ஒன்றரை அடி ஆழத்துக்கு அகற்றி, செம்மண்ணும் மட்கிய எருவும் இடவேண்டும். அவசரத்துக்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளிக்கலாம். மண் சரியாகாமல் தெளிப்பு மட்டும் நீடித்த பலன் தராது.

செம்பருத்தி, ஆடாதோடை இரண்டும் எளியவை. ஆடாதோடையை ஆடு மேயாது என்பதால் கால்நடை திரியும் தெருக்களில் வேலிக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. இலை இருமலுக்கு மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டு வருவதும் தெரிந்ததே. அரளி வறட்சியை நன்றாகத் தாங்கும், ஆண்டெல்லாம் பூக்கும். எனினும் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. சிறு குழந்தைகளோ மாடுகளோ உள்ள வீட்டில் அரளியும் மஞ்சள் அரளியும் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

விரைவாக வளரும் என்று விற்கப்படுவதைச் சிறு மனைக்காரர் ஐயத்தோடு பார்ப்பது நல்லது. விரைவாக வளர்வது நிற்காமல் வளரும். பல வகைகளின் கிளையும் எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் சாய்ந்தவற்றில் நிழலுக்கென நட்ட வெளிநாட்டு மரங்கள் ஏராளம். கோனோகார்பஸ் வேலிக்கென எங்கும் நடப்பட்டது; வேர் குழாய்களில் புகுவதும் மகரந்தம் ஒவ்வாமை தருவதும் காரணமாகக் குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. பின்னர் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. பைக்கஸ் என்ற பெயரில் தொட்டியில் விற்கப்படுபவை ஆலின் உறவினங்கள். தொட்டியில் இருக்கும்வரை அழகு. நிலத்தில் இறக்கினால் வேர் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போகும்.

வாங்குதலும் நடுதலும்

நர்சரியில் உயரமான கன்றைக் கேட்பதே பலரின் பழக்கம். நீண்ட காலம் பைக்குள் இருந்த கன்றின் வேர் சுருண்டு, பின்னர் தன் அடித்தண்டையே நெருக்கும். தண்டின் அடியில் மண்ணைச் சற்றே விலக்கிப் பார்த்தால் தடித்த வேர் வட்டமிட்டிருப்பது தெரியும். அத்தகைய கன்றை ஒதுக்கிவிடலாம். ஒன்றரை அடி உயரமுள்ள, தண்டு பருத்த, புதுத்தளிர் உள்ள கன்றே பெரும்பாலும் விரைவில் பிடிக்கும்.

இரண்டடி நீள, அகல, ஆழக் குழி போதும். கிழக்கு மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். தென்மேற்கு மழை பெறும் மேற்கு, தென்கோடிப் பகுதிகளில் ஆனி, ஆடி ஏற்றது. முதல் இரண்டு கோடைகளில் வாரம் இருமுறையேனும் ஆழமாக நீர் வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

கவாத்தைக் கன்றுப் பருவத்திலேயே தொடங்குவது நல்லது. விரல் பருமனில் இருக்கும் கிளையை வெட்டிய காயம் விரைவில் மூடும். கை பருமனான கிளையை வெட்டினால் அழுகல் புகும். வெட்சிக்குப் பூக்கொத்து உதிர்ந்த உடனே நுனி நறுக்க வேண்டும், ஏனெனில் பூ வருவது நுனியில். எலுமிச்சையில் காய்ந்த கிளைகளையும் உள்நோக்கி வளர்பவற்றையும் எடுத்தால் போதும். குருந்துக்கும் காயாவுக்கும் முதல் ஐந்தாண்டுக்குக் கத்தரிக்கோலே தேவைப்படாது.