விழுங்கும்போது ஏற்படும் தடை



நாம் உண்ணும் சோறு வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வழி உணவுக்குழாய் எனப்படும். விஞ்ஞான நூல்கள் அதனைக் களம் என்றும் வழங்கும். தசையாலான இக்குழாய் ஏறக்குறைய 25 சென்றிமீற்றர் நீளமுடையது. மூச்சுக்குழலுக்குப் பின்னால் மார்பினூடே இறங்கி இரைப்பையை அடைகின்றது. இக்குழாயில் தோன்றும் புற்றுநோய், இலங்கையில் ஆண், பெண் இருபாலாரிடமும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது நெடுங்காலம் தன்னை மறைத்துக்கொள்ளும் என்பதே. உணவுக்குழாய் நெகிழ்ந்து விரியும் இயல்புடையது. உட்சுவரில் கட்டி வளரத் தொடங்கினாலும் எஞ்சிய பகுதி விரிந்து உணவுக்கு வழிவிடும். பாதை பெரிதும் குறுகிய பின்னரே தடை புலனாகும். கொட்டியாரக் குடாவை அண்டி வாழ்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். முகத்துவாரத்தில் மணல் திரளும்போது முதலில் தரை தட்டுவது பெரிய வள்ளமே. சிறு தோணி அப்பாலும் சென்றுவரும். அவ்வாறே முதலில் இறைச்சியும் பாணும் சிக்கும்; பின்னர் சோறு சிக்கும்; இறுதியில் தண்ணீரும் இறங்காது.

இவ்விடத்திலேதான் மனிதர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர். பாணைத் தேநீரில் தோய்த்து உண்பர். சோற்றைக் குழைத்து உண்பர். பின்னர் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வர். வயதின் தளர்ச்சி என்பர், வாயு என்பர். உணவு மாறியதை வீட்டாரும் கவனிப்பதில்லை. உடல் மெலிந்து, குரல் கம்மி, உண்டது எதிர்க்களித்து வரும் நிலையில் வைத்தியசாலைக்கு வரும்போது, நோய் அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கக்கூடும்.

காரணங்கள் எவை? நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படும் வகைக்குப் புகையிலையும் மதுவும் முக்கிய காரணங்கள். இரண்டும் சேரும்போது அபாயம் பன்மடங்காகும். வெற்றிலை போடுவதும் அத்தகையதே. இரவு முழுவதும் கடலில் வலையோடு விழித்திருப்போருக்கும், கப்பல் துறையில் பாரம் சுமப்போருக்கும் அது களைப்பைப் போக்கும் துணையாகத் தோன்றலாம். புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று கருதுவோரும் உளர். அது தவறு. பாக்கு தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்தது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்களும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தோற்றுவிக்கக்கூடும் என அதே முகவரகம் 2016-இல் கூறியது. ஆதலின் வெறுந்தேநீரைச் சற்று ஆறவிட்டுப் பருகுதல் நன்று. குழாயின் கீழ்ப்பகுதியில் தோன்றும் மற்றொரு வகைக்கு, நெடுநாள் நீடிக்கும் நெஞ்செரிவும் உடற்பருமனும் காரணமாகலாம்.

நோயை அறிவதற்கு, நுனியில் ஒளியுடைய மெல்லிய வளையும் குழாயை வாய்வழியே செலுத்தி உள்ளே பார்ப்பர். ஐயத்திற்குரிய இடத்தில் சிறு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சோதிப்பர். நோய் மேற்படையோடு நிற்குமாயின் சிலருக்கு அக்கருவி வழியாகவே அதனை அகற்றிவிடலாம். முற்றிய நிலையில் சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றை ஏற்றவாறு இணைத்து அளிப்பர். குணப்படுத்த இயலாத நிலையிலும், குறுகிய இடத்தில் வலைக்குழாய் ஒன்றைப் பொருத்தி உணவு இறங்க வழிசெய்யலாம்.

முன்னாளில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வருவதற்கு நீர்வழியைக் கடக்க வேண்டியிருந்தது. 2009-இல் பாலம் திறக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. வழி எளிதாயிற்று, தாமதம் நம்மிடமே உள்ளது.

ஆகவே, வீட்டில் முதியவர் ஒருவர் திடீரெனச் சோற்றை விட்டுக் கஞ்சியை நாடினால், காரணத்தைக் கேளுங்கள். விழுங்கும்போது உணவு தடைப்படுவது ஓரிரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், கைமருந்தோடு காலம் கடத்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது புற்றுநோயாக இல்லாதிருக்கவுங்கூடும். இருப்பின், முந்திச் சென்றவர்க்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.