தலைசுற்றினால் உப்பா, மாத்திரையா?

பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்குபவர்களில் பலர், முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரே புகாரைச் சொல்வார்கள்: "உட்கார்ந்து எழுந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருது." உடனே பதில்களும் வந்து குவியும். "கீட்டோ காய்ச்சல்தான், நாலு நாள்ல போயிடும்" என்பார் ஏற்கெனவே எடை குறைத்த நண்பர். "சோறு தின்னாம கிடந்தா இப்படித்தான் ஆகும்" என்பார் அம்மா. "எலுமிச்சை பிழிஞ்சு உப்புத் தண்ணி குடிங்க" என்பார் அலுவலகத் தோழர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூவருமே கேட்கவில்லை: "நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

கீட்டோஜெனிக் உணவுமுறை, 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்வைத்தது. உடல் எடைக்கும் சர்க்கரைக்குமான உணவாக அது பரவியது பிற்பாடுதான். தமிழில் இதன் நெருங்கிய உறவான பேலியோவை வீட்டுச் சமையலறை வரை கொண்டுவந்ததில் நியாண்டர் செல்வனின் எழுத்துக்கும் ஃபேஸ்புக் குழுவுக்கும் பெரிய பங்கு உண்டு. காலையில் 100 பாதாம், மதியம் முட்டையும் காய்கறியும், இரவில் கறியோ பன்னீரோ என்ற பட்டியல் இன்று பலருக்கும் மனப்பாடம். அந்தப் பட்டியல் ரத்த அழுத்தத்தை என்ன செய்யும் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சிறுநீரில் போகும் உப்பு

கல்லீரலும் தசைகளும் சேர்ந்து மாவுச்சத்தைச் சுமார் 500 கிராம் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் சுருக்கினால் சில நாட்களில் இந்தச் சேமிப்பு வெகுவாகக் கரைந்து, தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் இரண்டு மூன்று கிலோ இறக்கத்தில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, நீர்.

இன்சுலினுக்கு நாம் அதிகம் பேசாத ஒரு வேலை உண்டு. சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வதும் அதுதான். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், பிடி தளரும், சோடியம் சிறுநீரோடு போகும், கூடவே தண்ணீரும் போகும். ரத்தத்தின் கன அளவு குறைகிறது. நாம் எழுந்து நிற்கும்போது 500 முதல் 800 மில்லி ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குவது இயல்பு. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக் குழாய்களைச் சுருக்கி நொடிகளில் சரிசெய்துவிடும். மொத்த ரத்தமே குறைந்திருந்தால் அந்தச் சரிசெய்தல் எட்டாமல் போகிறது. கண் இருட்டுவது அந்த இடைவெளியில்தான்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் உப்பில் பெரும்பகுதி சோற்றைச் சுற்றித்தான் வருகிறது: சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர். இட்லி, தோசை மாவிலும் உப்பு. சோற்றையும் இட்லியையும் நிறுத்தியவர் இவை எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார். உப்பில்லாத பாதாமும் வெண்ணெயும் அந்த இடத்தை நிரப்புவதில்லை. உடம்பு உப்பை அதிகம் வெளியேற்றும் அதே வாரத்தில் தட்டில் உப்பும் குறைகிறது. அது சித்திரை வெயிலாகவும் இருந்துவிட்டால் வியர்வையும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும்.

முதலில் அளந்து பாருங்கள்

ஊகிப்பதற்கு முன் வீட்டு பி.பி. மெஷினை எடுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒருமுறை அளக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்க வேண்டும். கை, இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். படுத்திருக்கையில் 124 காட்டிய மெஷின் நின்றதும் 100 காட்டினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். உட்கார்ந்த நிலையில் 110/70 என்பதை மட்டும் பார்த்து 'லோ பி.பி.' என்று பயப்பட வேண்டாம். பலருக்கு அது இயல்பான அளவு.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குளுக்கோமீட்டரிலும் பார்த்துவிட வேண்டும். 70-க்குக் கீழே சர்க்கரை இறங்கினாலும் இதே கிறுகிறுப்புதான் வரும். அப்போது உப்புத் தண்ணீர் உதவாது. கீட்டோவை ஓரமாக வைத்துவிட்டு உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு

ஆம்லோடிபின், டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயஸைடு போன்ற பி.பி. மாத்திரைகள், நீங்கள் மூன்று வேளையும் மாவுச்சத்து சாப்பிட்ட காலத்து ரத்த அழுத்தத்துக்கு எழுதப்பட்டவை. எடையும் நீரும் இறங்கியபின் அதே அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். இங்கே உப்பைக் கூட்டுவது தலைகீழ் வைத்தியம். ஒரு கையால் அழுத்தத்தை இறக்கி மறு கையால் ஏற்றுகிறோம். குறைக்க வேண்டியது மாத்திரையாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் குறைக்க வேண்டும்; நாமாக நிறுத்தினால் அழுத்தம் சட்டென எகிறும் மருந்துகளும் உண்டு.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசினும் நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இரட்டை அபாயம். சிறுநீர் வழியே நீரை இன்னும் இழுப்பதோடு, கீட்டோ உணவோடு சேரும்போது, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸை வரவழைக்கக்கூடும். இவற்றை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவுமுறையைத் தொடங்கவே கூடாது.

உப்பு யாருக்கு, எவ்வளவு?

ரத்தக் கொதிப்பு, இதய பலவீனம், சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்குத்தான் உப்பு தீர்வு. மாவுச்சத்துக் குறைப்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டீபன் ஃபின்னி, ஜெஃப் வோலெக் இருவரும், உணவில் வருவதோடு சேர்த்து நாளுக்கு 3 முதல் 5 கிராம் சோடியம் தேவை என்கிறார்கள். உப்பாகச் சொன்னால் 7.5 முதல் 12.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கு விதிக்கும் வரம்போ 5 கிராம் உப்பு. இந்த இடைவெளியே, கூடுதல் உப்பு எல்லோருக்கும் பொதுவான அறிவுரை அல்ல என்பதைக் காட்டுகிறது. தலைசுற்றல் இருக்கும் முதல் சில வாரங்களுக்கு, பி.பி.யை அளந்துகொண்டே, படிப்படியாகக் கூட்டலாம்.

அரை டீஸ்பூன் உப்புப் போட்ட ஆட்டுக்கால் சூப் ஒரு கிண்ணம் சுமார் ஒரு கிராம் சோடியம் தரும். சைவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர், காய்கறி சூப். கீரை, பூசணி விதை, பாதாம் ஆகியவை பொட்டாசியமும் மக்னீசியமும் தருவதால் கெண்டைக்கால் பிடிப்புக்கும் உதவலாம். இளநீரில் பொட்டாசியம் தாராளம். சோடியம் குறைவு, சர்க்கரையும் உண்டு. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், பி.பி.க்கு நல்லது என்று நம்பி அள்ளிப் போட வேண்டாம். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் கலந்திருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் தொடக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் ஐந்து லிட்டர் குடிப்பது, இருக்கும் சோடியத்தையும் நீர்க்கச் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டால் உப்பும் நீரும் உடலில் திரும்பத் தங்கும். திங்களன்று மறுபடி குறைத்தால் மறுபடி வெளியேறும். வாரம் தவறாமல் இந்த உணவுமுறைக்கு விடுப்பு விடுபவர்களுக்குத் தலைசுற்றல் ஓயாமல் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண் இருட்டும்போது உடனே உட்காருங்கள். முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் ஆண்கள், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவதும், கழிப்பறையில் உட்கார்ந்தே கழிப்பதும் நல்லது. மயங்கி விழுதல், நெஞ்சுவலி, படபடப்பு, பேச்சுக் குழறல், கருப்பு மலம், வாந்தியோடு வேகமான மூச்சு, இவற்றில் எது வந்தாலும் சூப் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

உணவு மாற்றத்தால் பி.பி. மாத்திரை குறைவது நல்ல செய்தி. அது மயக்கமாக வந்து தெரிய வேண்டியதில்லை. பேலியோ தொடங்கும் முன்பே மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். "மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், இதில் எதை, எப்போது குறைக்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் அளந்த பி.பி. கணக்கை ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை அவரிடம் காட்டினால், உப்பா மாத்திரையா என்பதற்கு ஊகம் இல்லாத பதில் கிடைக்கும்.