தங்கி நிற்கும் மருந்து

பல் பிடுங்கிய பிறகோ ஈறு வீங்கிய காலத்திலோ வாய் கொப்பளிக்கும்படி பல் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்திலும், சஸ்திர சிகிச்சைக்கு முன் நோயாளியின் தோலில் தடவப்படும் கிருமிநாசினியிலும் பல சமயங்களில் அடங்கியிருப்பது ஒரே வஸ்துதான். அதன் பெயர் குளோர்ஹெக்சிடின்.

இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் விஞ்ஞானிகள் மலேரியா ஜுரத்துக்கு மருந்து தேடிப் 'பலூட்ரின்' மாத்திரையைக் கண்ட பின்னரும், அது சேர்ந்த பைகுவனைடு என்னும் ரஸாயன வர்க்கத்தைக் கைவிடாமல் மேலும் துருவி ஆராய்ந்ததன் பயனாக, 1950களின் தொடக்கத்தில் இது வெளிப்பட்டது. இதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே மருந்து கிருமியைத் தானே நாடிச் சென்று பற்றிக்கொள்கிறது. அளவு குறைவாக இருந்தால் கிருமியின் சவ்வு தளர்ந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலியவை கசிந்து, அதன் வளர்ச்சி நின்றுபோகும்; அளவு மிகுந்தாலோ உள்ளிருக்கும் சத்து முழுவதும் எலுமிச்சைச் சாறு பட்ட பால்போல் திரிந்து கிருமி மடியும்.

கிருமியைக் கொல்வதற்கு எத்தனையோ மருந்துகள் உண்டு. இதன் விசேஷம், வந்த இடத்தில் தங்கிவிடுவது. கொப்பளித்துத் துப்பிய பிறகும் பல்லின் மேலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாக விடுபட்டு வேலை செய்கிறது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாவும் 1970இல் வெளியிட்ட பரிசோதனையில், பல் துலக்குவதையே நிறுத்திவிட்டு, 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லிலிட்டரைத் தினம் இருமுறை கொப்பளித்தவர்களின் பற்களில் கிருமிப் படலம் படியாமல் இருந்தது. தோலிலும் இதே கதைதான்: சாராயச் சத்து நொடியில் கொன்றுவிட்டு ஆவியாகிப் போக, குளோர்ஹெக்சிடின் பின்தங்கிக் காவல் காக்கிறது. இவ்விரண்டையும் கலந்த மருந்தை அயோடின் கரைசலோடு ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்குப் பின் புண் சீழ்ப்பிடிப்பது 16 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஒட்டிக்கொள்ளும் அந்தக் குணமே சில தொல்லைகளுக்கும் காரணம். காபி, தேநீர் இவற்றின் சாயத்தைப் பல்லோடு பிணைத்துப் பழுப்புக் கறையை உண்டாக்கும். நாக்கின் ருசியைச் சில நாள் மழுங்க அடிக்கும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருளோ எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால், பல் துலக்கிய கையோடு கொப்பளித்தால் மருந்து அதனோடு பிணைந்து வீணாகிவிடும். நன்றாக வாயைக் கழுவி, அரை மணி நேரம் பொறுத்துக் கொப்பளிப்பதே முறை. காசு கொடுத்து வாங்கிய ஔஷதம் தொட்டியில் வீணே போகாதபடி, இந்தச் சிறு விஷயத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கண்ணிலும் நடுச்செவியிலும் இது படவே கூடாது. பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு வித்துகளாக உறங்கும் நிலையில் இதனால் அவற்றை அழிக்கவும் முடியாது.

பிரசவம் வீட்டிலேயே நிகழ்வதும், அறுத்த தொப்புள்கொடியில் கடுகெண்ணெய் முதலியவற்றைத் தடவுவதும் வழக்கமாயிருந்த நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில், சிசுக்களின் தொப்புளை இம்மருந்தின் 4 சதவீதக் கரைசலால் ஆய்வாளர்கள் துடைத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவின்படி சிசு மரணம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் பெம்பா தீவிலும் நடத்திய பெரும் ஆய்வுகளில் அத்தகைய பலன் தெரியவில்லை. தொப்புளில் அசுத்தமான பொருள்களைத் தடவும் வழக்கமும் சிசு மரணமும் மிகுந்த இடங்களுக்கு இம்மருந்து ஏற்றது என்றும், சுத்தமான சூழலில் பிறந்த குழந்தைக்குத் தொப்புளை உலர்வாக வைத்திருப்பதே போதும் என்றும் நிபுணர்கள் இப்போது கூறுவது இதனாலேயே.