வெட்டினாலும் கூடிக்கொள்ளும் புரதக் கூழ்

ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தோர் அறிவர்: நீராக இருந்தது கட்டியாக உறைந்து, தொட்டால் அதிரும். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் கொதியில் ஜெலட்டினாகக் கரைந்து, ஆறியபின் நுண்ணிய வலையாகப் பின்னிக்கொள்கிறது. வலையின் கண்களில் நீர் சிறைப்படுகிறது. நீரைப் பெருமளவில் தாங்கி நிற்கும் இத்தகைய பொருளே ஹைட்ரோஜெல், அதாவது நீர்க்கூழ். (எலும்பு முறிவை அந்தச் சூப் ஆற்றுமா என்பது வேறு கேள்வி.)

உறைந்த அக்கட்டியைக் கரண்டியால் வெட்டினால் பிளவு பிளவாகவே நிற்கும். மீண்டும் சூடாக்கினாலன்றி ஒன்றாகாது. தானாகவே கூடிக்கொள்ளும் கூழ் வேண்டுமெனில், அதன் இழைகளை வேறு விதமாகப் பிணைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சுகுவாங் சாங் என்னும் அறிவியலாளர், ஈஸ்ட்டில் உள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்தபோது கண்ட அமைப்பிலிருந்து இத்துறையின் ஒரு கிளை தொடங்கியது. பின்னர் உருவான 'ராடா16' என்பது 16 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத் துண்டு. ஆர்ஜினின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், அலனின் என்ற நான்கின் வரிசை அதில் நான்கு முறை வருகிறது. ஆர்ஜினினில் நேர்மின்னேற்றம், அஸ்பார்டிக் அமிலத்தில் எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். அலனின் அமைந்த பக்கமோ நீரை விட்டு விலகித் தன்னினத்தோடு சேரும். இத்துண்டுகள் தாமே அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாகின்றன. பிணைப்பு ஒவ்வொன்றும் வலுவற்றது. எளிதில் அறும், அதே எளிமையுடன் மீண்டும் கூடும். கேளா ஒலியால் இவ்விழைகளைத் துண்டு துண்டாக்கிய ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறுந்தவை சில மணி நேரத்தில் மீண்டும் நீண்ட இழைகளாயின.

மருத்துவருக்கு இதனால் என்ன பயன்? ஊசிக்குழலை அழுத்தும்போது கூழ் தளர்ந்து ஓடுகிறது. உடலினுள் சென்றபின் மீண்டும் இறுகுகிறது. ராடா16 கரைசல் குருதியைத் தொட்டதும் ஒளி ஊடுருவும் கூழாகிக் கசிவிடத்தை மூடும். எண்டோஸ்கோப்பி வழியே குடலில் உள்ள பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியை அகற்றிய இடத்தில் இரத்தக் கசிவை நிறுத்த இது பயன்படுகிறது. கூழின் ஊடே காயத்தைப் பார்க்க முடிவது மருத்துவருக்குப் பெரிய வசதி. பீறிட்டு ஓடும் குருதிக்கு இது போதாது. அங்கே கிளிப் போன்ற வழிகளே வேண்டும்.

"உள்ளே வைத்தது பிறகு என்னவாகும்?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. உடல் இதைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்கிவிடும். அகற்ற மீண்டும் அறுவை தேவையில்லை. ராடா16 ஆய்வகத்தில் செயற்கையாகத் தொகுக்கப்படுவது, விலங்கிலிருந்து எடுக்கப்பட்டதன்று. ஜெலட்டின் பொருள்களோ பன்றி அல்லது மாட்டிலிருந்து வருபவை. சமயம் அல்லது உணவு நெறி காரணமாக உங்களுக்குத் தயக்கமிருப்பின் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உயிரணுக்களைச் சுமந்து சென்று சேதமுற்ற திசுவில் சேர்ப்பது, மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடுவது ஆகியவை பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. விலங்குகளில் கிடைத்த நல்ல முடிவைக் கண்டு, "எங்கள் நோயாளிக்கும் இதைச் செய்யுங்கள்" என்று கேட்பதில் உள்ள ஏக்கம் புரிகிறது. ஆயினும் இவை இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

மருந்துக்கடையில் 'ஜெல்' என்ற பெயரில் குழாயில் கிடைக்கும் புண் மருந்துகள் பொதுவாக இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவை உலர்ந்த புண்ணுக்கு ஈரம் தருபவை. புண் காய்ந்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. ஈரமான சூழலில் புதுத்தோல் விரைவில் மூடுகிறது என்று 1962இலேயே ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் காட்டினார். ஆனால் நீர் மிகுதியாக வடியும் புண்ணில் மேலும் ஈரம் சேர்த்தால் சுற்றியுள்ள தோல் ஊறிப்போகும். நீரிழிவு நோயாளியின் காற்புண்ணில் எந்த ஜெல்லையும் தாமாக இட வேண்டாம். ஏற்கெனவே இட்டிருந்தால் அந்தக் குழாயையும் கையோடு கொண்டு வாருங்கள். சிவப்பு பரவினாலோ, துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே வாருங்கள்.