கொங்கண் பாறைமேடுகள்: அன்றும் இன்றும்

ஏப்ரல் பிறந்தால் மும்பையின் சுனாபட்டியிலும் மாட்டுங்காவிலும் ரத்னகிரி ஹாபூஸ் மாம்பழப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். வைக்கோலை விலக்கி, காம்பருகே முகர்ந்து பார்த்து வாங்குவோம். அந்தப் பழம் காய்க்கும் மரங்களில் பல, வெறும் பாறையில் வெடிவைத்துக் குழி பறித்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி வளர்த்தவை. அதே பாறைகளின் மேல்தான் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடித் திரிந்த மனிதர்கள் யானையையும் காண்டாமிருகத்தையும் திருக்கை மீனையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. இத்தனைக்கும் நம் வீட்டிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான்.

சஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் நடுவே ரத்னகிரி மாவட்டம் முழுக்க மேசைபோல் தட்டையான செம்பாறை மேடுகள் கிடக்கின்றன. மராட்டியில் இதைச் சடா என்பார்கள். கன்னியாகுமரிக்காரர்கள் வீடு கட்டும் வெட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் பாறையின் தன்மை புரிந்துவிடும். மழைக்காலத்தில் அதன்மேல் புல் தழைத்து, சின்னச் சின்னப் பூக்கள் விரியும், மாடுகள் மேயும். கார்த்திகை தாண்டினால் எல்லாம் காய்ந்து கறுத்த வெற்றுப் பாறை. உழ முடியாது, விதைக்க முடியாது. வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு.

ராஜாபூர் வட்டத்துக் கசேளியில் இருக்கும் யானையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 18 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம். பக்கத்தில் போய் நின்றால் யானை தெரியாது. பாறையில் ஓடும் ஒரு வாய்க்கால்தான் தெரியும். சற்றுத் தள்ளி நின்று, அந்தக் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்தால்தான் முதுகு, துதிக்கை, கால் என்று உருவம் கூடிவரும். அந்த யானையின் உடலுக்குள்ளேயே மீன், பறவை, நாலுகால் விலங்கு என்று 70 உருவங்கள் வரை அடைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் கோடுகள் மங்கிவிடும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது, கோட்டின் ஒரு கரை நிழல் கட்டி, உருவம் எழுந்து நிற்கும். உளியும் இரும்பும் இல்லாத காலத்தில் கல்லால் கல்லைக் கொத்தி இந்த அளவுக்கு ஓர் உருவத்தைத் தரையில் போட, மொத்த யானையும் மனதில் இருந்திருக்க வேண்டும். அவர்களில் எவரும் அதை உயரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது.

பார்சு என்ற ஊரின் மேட்டில் செதுக்கலாக ஒரு மனிதன் நிற்கிறான். இரு பக்கமும் அவனை நோக்கிப் புலிகள். இரு விலங்குகளுக்கு நடுவே நிற்கும் மனிதனைச் சிந்துவெளி முத்திரைகளிலும் காண்கிறோம். உறவு உண்டா என்பது ஆய்வாளர்கள் பாடு. இன்னும் பல இடங்களில் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும். ஏர் இல்லை, கதிர் இல்லை, பயிர்த்தொழிலின் அடையாளம் எதுவும் இல்லை. இதை வைத்துத்தான் செதுக்கியவர்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் என்கிறார்கள். காலம் 10,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்பது பரவலான மதிப்பீடு. திறந்த பாறையில் காலம் கணிக்கத்தக்க கரியோ எலும்போ ஒட்டியிருப்பதில்லை என்பதால் வாதம் ஓயவில்லை. காண்டாமிருகம் இன்று கொங்கணத்தில் எங்கும் கிடையாது. செதுக்கியவர்கள் கண்ட காடும் நிலமும் வேறு என்பதற்குப் பாறையே சாட்சி.

நம் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கல் பேசும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல், ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்த வீரனின் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் சொல்கிறது. மாடு மேய்த்தவர்களின் உலகம் அது. பெயரும் ஊரும் காரணமும் நமக்குக் கிடைத்துவிட்டன. கொங்கண் பாறைக்கு எழுத்து கிடையாது. அதனால்தான் ஒரு கோடு அழிந்தாலும் இழப்பு பெரிது. வேறு எங்கிருந்தும் அதை ஈடுகட்ட முடியாது.

சுனாபட்டியில் ஸ்வதேஷி மில் ஓடிய நாளில் ரத்னகிரிக்காரர்கள் எத்தனையோ பேர் எங்கள் சந்துகளில் குடியிருந்தார்கள். கணபதிக்கும் ஷிம்கா எனும் ஹோலிக்கும் ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். சடாவில் மாடு மேய்த்த கதை சொல்வார்கள். பாறையில் படம் இருப்பதாக அவர்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பல இடங்களில் மண்ணும் புல்லும் மூடிக் கிடந்ததால் ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் இருந்தது. தெரிந்த சில ஊர்களில் அதைத் தெய்வமாக்கி வைத்திருந்தார்கள். தேவிஹசோலில் இன்றும் வழிபாடு உண்டு. சிந்துதுர்க் மாவட்டம் குடோபியில் அந்த மேட்டையே பொம்மைகளின் சடா என்று அழைத்துவந்தார்கள்.

2012 வாக்கில் சுதீர் ரிஸ்பூட் என்பவரும் அவருடைய நண்பர்களும் இந்தப் பாறைச் செதுக்கல்களைத் தேடி ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய், வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். துப்பு அப்படித்தான் கிடைத்தது. பெரிய கருவிகளுக்கு முன்னால் கிழவர்களின் நினைவுதான் வேலை செய்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரத்னகிரி மாவட்டத்தில் மட்டும் 70 இடங்களில் 1,500க்கு மேற்பட்ட உருவங்கள் பதிவாகியிருக்கின்றன. உக்ஷி ஊராட்சி தன் ஊர் யானையைச் சுற்றித் தடுப்புக் கட்டி, மேலிருந்து பார்க்க வழி செய்தது. 2022இல் ரத்னகிரியில் ஏழு, சிந்துதுர்க்கில் ஒன்று, கோவாவில் ஒன்று என ஒன்பது இடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின.

உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பதற்கான சீட்டு மட்டுமே. அது வேலி ஆகாது. இத்தனை காலம் இந்த உருவங்கள் பிழைத்ததற்குக் காரணம், அந்தப் பாறைக்கு விலை இல்லாமல் இருந்ததுதான். இன்று விலை வந்துவிட்டது. கட்டடத்துக்குக் கல் அறுக்க ஒருவர் வருகிறார், மாந்தோப்புக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர். பார்சு மேட்டிலேயே மாபெரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் மண் பரிசோதனை தொடங்கியபோது ஊர்ப் பெண்கள் சுடுவெயிலில் வழியில் படுத்து மறித்தார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, கைதுகளும் நடந்தன. உத்தேசப் பட்டியலில் பார்சுவின் பெயரும் இருக்கிறது.

கொங்கணத்துப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை வேண்டாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. வேலை தேடித்தான் அவர்களின் பாட்டன்மார் மும்பை மில்களுக்கு வந்தார்கள்; நம் பாட்டன்மாரும் அப்படித்தான். ஆனால் ஒரு மேட்டில் என்னென்ன இருக்கின்றன என்று முழுதாகக் கணக்கெடுக்காமல் இயந்திரத்தை ஏற்றக்கூடாது. முதலில் கணக்கெடுப்பு, அதற்குப் பிறகே நிலம் கைமாற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடம் இல்லை.

பார்க்க வருகிறவர்களாலும் ஆபத்து உண்டு. நீலகிரியில் கோத்தகிரி அருகே கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களின்மேல் பார்வையாளர்கள் பெயர் கிறுக்கிப் பாழாக்கியது நமக்குப் பாடம். ஊருக்குக் கொங்கண் ரயிலில் போகிறவர்கள், குர்லா டெர்மினஸில் ஏறினால் ரத்னகிரியில் ஒருநாள் இறங்கிப் பாருங்கள். உள்ளூர் ஆளை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கூலி அந்த ஊரில் நிற்கட்டும். கோட்டின்மேல் கால் வைக்காதீர்கள். படம் பளிச்சென்று விழ வேண்டும் என்று கோட்டில் சுண்ணப்பொடி தூவாதீர்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.